லினக்ஸ் கணினிகளில் உள்ள வட்டுகளைக் கணக்கெடுக்கும் ஸ்கிரிப்ட்: யாரிடம் எதைக் கேட்பது

திருப்பூரில் நான்கு யூனிட்டுகளாக நடக்கும் ஒரு பனியன் கம்பெனியில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஏறத்தாழ 70 லினக்ஸ் கணினிகளில் உள்ள ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி அனைத்தின் மாடல், வரிசை எண், கொள்ளளவு, உடல்நிலை ஆகியவற்றை ஒரே ஸ்கிரிப்ட்டில் திரட்டி, தணிக்கைக்கு ஒரு பட்டியலாகக் கொடுக்க வேண்டும். அவர் எழுதிய பாஷ் ஸ்கிரிப்ட், வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை தரும் விடையை, எழுத்தை வெட்டிப் பிரிக்கும் ஏடபிள்யூகே கருவியைக் கொண்டு நெடுவரிசைகளாக வெட்டி எடுக்கிறது. சில கணினிகளில் மாடல் பெயரின் பாதி, வரிசை எண்ணின் இடத்தில் போய் விழுகிறது. சிலவற்றில் வரிசை எண்ணே வருவதில்லை. நான்கு வட்டுகள் பூட்டிய சர்வர் ஒன்றில் ஒரே ஒரு வட்டுதான் தெரிகிறது. 'நான் எழுதியதில் எங்கேங்கண்ணா தவறு?' என்று கேட்கிறார்.

தம்பி, மூன்று கோளாறுகளுக்கும் காரணம் வெவ்வேறு, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: உங்கள் பட்டியலில் ஒரு வரி என்பது எதைக் குறிக்கிறது? எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வைக்கும் பெயரையா, பெட்டிக்குள் திருகிப் பூட்டியிருக்கும் குறிப்பிட்ட ஒரு வட்டையா? கெர்னல் வைக்கும் பெயர், கணினி எழும்போது எந்த வட்டு முதலில் தென்பட்டதோ அந்த வரிசைப்படி அமைவது. அடுத்த முறை எழும்போது வரிசை மாறலாம். ஒரு யூஎஸ்பி வட்டு செருகியிருந்தாலும் மாறலாம். காங்கேயம் மாட்டை அடையாளம் சொல்கிறவர் கொம்பையும் சுழியையும் பார்த்துத்தான் 'இது இன்னார் தோட்டத்து மாடு' என்பார். நேற்று எந்தக் கட்டுத்தறியில் நின்றது என்பதை வைத்துச் சொல்ல மாட்டார். வட்டுக்குச் சுழி என்பது அதன் வரிசை எண்ணும், டபிள்யூடபிள்யூஎன் என்று சொல்லப்படும் உலகப் பொது எண்ணும்தான். எஸ்டிஏ என்பது கட்டுத்தறி.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வட்டுகள் ஒன்றுக்கொன்று நகலாக, மென்பொருள் ரெய்டு 1 முறையில் இணைந்திருந்தன. எஸ்டிபி பழுதாகிறது என்று என் ஸ்கிரிப்ட் காலையில் எச்சரித்தது. மதியம் மின்சாரம் போய், யுபிஎஸ் தாங்காமல் சர்வர் ஒரு முறை அணைந்து எழுந்ததையும், எழுந்தபோது பெயர்கள் இடம் மாறியதையும் நான் கவனிக்கவில்லை. இரவு சர்வரை நிறுத்துவதற்கு முன் எஸ்டிபி எந்தக் கேபிளில் இருக்கிறது என்று பார்த்து, அந்த வட்டைக் கழற்றினேன். கழற்றியது நல்ல வட்டு. மீதி நின்ற பழுதான வட்டு, புது வட்டுக்கு நகல் எடுக்கும்போது பாதி வழியில் படிக்க முடியாமல் நின்றுவிட்டது. நல்ல வட்டு மேசை மேல் பத்திரமாக இருந்ததால் தரவு போகவில்லை. ஆனால் அதைத் திரும்பக் கோத்துச் சர்வரை எழுப்புவதற்குள் விடிந்துவிட்டது, நூல் ஏற்றிய லாரிகள் பில் போட வழியில்லாமல் வாசலில் நின்றன. அன்று முதல், வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைக் குறித்த ஸ்டிக்கரை ஒட்டாமல் எந்த வட்டையும் நான் பூட்டுவதில்லை; வரிசை எண்ணைச் சொல்லாமல் எந்த எச்சரிக்கையையும் என் ஸ்கிரிப்ட் அனுப்புவதில்லை.

இனி, தகவல் இருக்கும் இடங்கள். லினக்ஸில் ஒரு வட்டைப் பற்றி மூன்று பேரிடம் கேட்கலாம். முதலாவது கெர்னல், அது தனக்குத் தெரிந்ததைச் சிஸ் என்ற அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) சிறு சிறு கோப்புகளாக வைத்திருக்கிறது. இரண்டாவது யுடெவ், வட்டு தென்பட்டதும் அதனிடம் விசாரித்து அறிந்ததைத் தன் தரவுத்தளத்தில் எழுதி வைத்துக்கொள்வது அதன் வேலை. மூன்றாவது வட்டே, ஸ்மார்ட்சிடிஎல் போன்ற கருவிகள் வட்டிடமே நேரடியாகக் கேட்கின்றன, அதற்கு ரூட் எனும் முழு நிர்வாக அதிகாரம் வேண்டும். நீங்கள் பயன்படுத்தும் எல்எஸ்பிஎல்கே முதல் இரண்டு பேரிடமும் கேட்டுச் சொல்லும் கருவி. அது வேகமானது, பெரும்பாலான தகவலுக்கு ரூட் தேவையில்லை, வட்டைத் தொந்தரவு செய்வதும் இல்லை. ஆனால் யுடெவ்வுக்குத் தெரியாததும், யுடெவ் தவறாகப் புரிந்துகொண்டதும் அதன் விடையில் அப்படியே வரும்.

சிஸ் அடைவை ஒரு முறை கையால் திறந்து பார்த்துவிடுவது நல்லது. அதற்குள் பிளாக், அதற்குள் எஸ்டிஏ, அதற்குள் சைஸ் என்ற கோப்பைப் படியுங்கள். 1 டெராபைட் வட்டு என்றால் பெரும்பாலும் 1953525168 என்ற எண் இருக்கும். இது பைட் கணக்கு அல்ல. செக்டார் எனும் 512 பைட் துண்டுகளின் எண்ணிக்கை. 512ஆல் பெருக்கினால் 1000204886016 பைட் வரும். வட்டின் செக்டார் 4096 பைட்டாக இருந்தாலும் இந்தக் கோப்பில் மட்டும் எப்போதும் 512 கணக்குத்தான். அது தெரியாமல் 4096ஆல் பெருக்கி, 1 டெராபைட் வட்டை 8 டெராபைட் என்று எழுதி வைத்த பட்டியலை நான் பார்த்திருக்கிறேன். இதே வட்டை 1024இன் மடங்காகப் பிரித்தால் 931 என்று காட்டும். கடை பில்லில் 1 டெராபைட் என்றும் உங்கள் பட்டியலில் 931 ஜிபி என்றும் பார்க்கும் தணிக்கையாளர் கேள்வி கேட்கத்தான் செய்வார். ஆகவே கோப்பில் பைட்டாகவே சேமித்து வையுங்கள். காட்டும்போது மட்டும் 1000இன் மடங்கில் சுருக்கிக் காட்டுங்கள்.

அதே எஸ்டிஏ அடைவில் டிவைஸ் என்பதற்குள் மாடல், வெண்டார் என்று இரண்டு கோப்புகள் உண்டு. அவற்றை நேரடியாக நம்பிப் பட்டியல் போட வேண்டாம். சாட்டா கேபிளில் இணையும் வட்டுகளையும் லினக்ஸ், ஸ்கசி என்ற வட்டுக் கட்டளை முறை வழியாகத்தான் நடத்துகிறது. ஸ்கசி முறையில் மாடல் பெயருக்கு 16 எழுத்துகள்தான் இடம், தயாரிப்பாளர் பெயருக்கு 8. சாட்டா வட்டின் உண்மையான மாடல் பெயர் 40 எழுத்து வரை போகலாம். அதனால் இந்தக் கோப்பில் பெயர் நடுவில் அறுந்து நிற்கும். தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏடிஏ என்று மட்டும் இருக்கும். யுடெவ் வட்டிடம் தனியாகக் கேட்டு முழுப் பெயரை வைத்திருக்கிறது, இடைவெளி வரும் இடத்தில் அடிக்கோடு போட்டு. என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி வகை வட்டுகளில் இந்தத் தொல்லை இல்லை. சிஸ், கிளாஸ், என்விஎம்இ என்று போனால் மாடல், வரிசை எண், ஃபர்ம்வேர் பதிப்பு மூன்றும் முழுதாகவே கிடைக்கும்.

இப்போது உங்கள் முதல் கோளாறு. நெடுவரிசைகள் இடம் மாறுவதற்குக் காரணம், மாடல் பெயருக்குள் இருக்கும் இடைவெளிதான். மனிதக் கண்ணுக்காக அழகுபடுத்திய பட்டியலை இடைவெளியை வைத்து வெட்டினால், 'சாம்சங் எஸ்எஸ்டி 870' என்று மூன்று துண்டாக உள்ள பெயரில் முதல் துண்டு மட்டும் மாடலாகவும், அடுத்த துண்டு வரிசை எண்ணாகவும் விழும். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் வலப்பக்கம் உள்ள எல்லாமே ஒரு கட்டம் நகர்ந்துவிடும். எல்எஸ்பிஎல்கே-யின் கையேடே, அதன் இயல்பான வெளியீடு மாறக்கூடியது, ஸ்கிரிப்ட்டில் வேண்டிய நெடுவரிசைகளை அவுட்புட் விருப்பத்தில் (ஆப்ஷனில்) பெயர் சொல்லிக் கேளுங்கள் என்று எச்சரிக்கிறது. அதோடு ஜேசன், பைட்ஸ், நோடெப்ஸ் ஆகிய மூன்று விருப்பங்களையும் சேருங்கள். முதலாவது, ஒவ்வொரு தகவலையும் அதன் பெயரோடு சேர்த்துத் தரும். இரண்டாவது, கொள்ளளவைச் சுருக்காமல் பைட்டில் தரும். மூன்றாவது, பார்ட்டிஷன்களை விட்டுவிட்டு வட்டுகளை மட்டும் தரும். கேட்க வேண்டிய நெடுவரிசைகள்: பெயர், வகை, கொள்ளளவு, மாடல், வரிசை எண், டபிள்யூடபிள்யூஎன், இணைப்பு வகை, சுழலும் வட்டா என்பது. பழைய பதிப்புகளில் ஜேசனுக்குள் எண்கள்கூட மேற்கோள் குறிக்குள் எழுத்தாக வரும், புதியவற்றில் எண்ணாகவே வரும். உங்கள் 70 கணினிகளில் உபுண்டுவின் பல பதிப்புகள் கலந்திருக்கும் என்பதால் இரண்டையும் ஏற்கும்படி எழுதுங்கள்.

வகை டிஸ்க் என்று இருப்பவற்றை மட்டும் எடுத்தால் போதும் என்று தோன்றும். போதாது. உபுண்டுவின் ஸ்னாப் தொகுப்புகள் உண்டாக்கும், கோப்பையே வட்டாகக் காட்டும் லூப் சாதனங்கள் அதில் கழிந்துவிடும். ஆனால் நினைவகத்தைச் சுருக்கிப் பயன்படுத்தும் சீரேம் சாதனமும் தன்னை டிஸ்க் என்றே சொல்லிக்கொள்ளும். அட்டை செருகாத கார்டு ரீடர் சிஸ் அடைவில் கொள்ளளவு 0 உள்ள வட்டாக நிற்கும். இரண்டையும் வெளிப்படையாக விலக்குங்கள். சுழலும் வட்டா என்ற தகவலையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. யூஎஸ்பி பெட்டிக்குள் போட்ட எஸ்எஸ்டியைக்கூடச் சுழலும் வட்டு என்று கெர்னல் காட்டுவது வழக்கம், ஏனென்றால் இடையில் உள்ள பாலச் சிப் உண்மையைச் சொல்வதில்லை.

இரண்டாவது கோளாறான காலி வரிசை எண்ணுக்கு ஒரே காரணம் இல்லை. அந்தக் கணினி மெய்நிகர் கணினியாக இருந்தால், விடிஏ என்று தொடங்கும் வட்டுக்கு யாரும் வரிசை எண் கொடுத்திருக்க மாட்டார்கள். காலி என்பதே அங்கே சரியான விடை. பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு கட்டுப்படுத்தி உண்டாக்கிய தொகுதியாக இருந்தால், வருகிற எண் தொகுதியின் எண்ணே தவிர வட்டின் எண் அல்ல. யூஎஸ்பி பெட்டியாக இருந்தால் வட்டின் எண்ணுக்குப் பதிலாகப் பெட்டியின் எண் வரக்கூடும். மலிவான பெட்டிகளில் 0123456789 என்று தொடங்கும் போலி எண்ணே பதிந்திருக்கும், இரண்டு பெட்டிகள் வாங்கினால் இரண்டிலும் அதே எண். சர்வர்களில் வரும் எஸ்ஏஎஸ் வகை வட்டுகளில் இன்னொரு சிக்கல்: யுடெவ் அவற்றின் குறு வரிசை எண் என்ற இடத்தில் டபிள்யூடபிள்யூஎன்-ஐ வைத்துவிட்டு, லேபிளில் அச்சிட்ட எண்ணை ஸ்கசி வரிசை எண் என்ற வேறொரு பெயரில் வைக்கிறது, பழைய எல்எஸ்பிஎல்கே முன்னதையே எடுத்துக் காட்டும்.

ஆகவே வரிசை எண்ணை ஓர் ஒழுங்கில் தேடுங்கள். ரூட் அதிகாரம் இருந்தால் முதலில் ஸ்மார்ட்சிடிஎல் மூலம் வட்டிடமே கேளுங்கள். கிடைக்காவிட்டால் யுடெவ், அதுவும் இல்லையென்றால் சிஸ் அடைவு. எண் எதுவாக இருந்தாலும் அதை யார் சொன்னார் என்பதைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதி வையுங்கள். முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை நீக்குங்கள். வரிசை எண்ணுக்கான 20 எழுத்து இடத்தை நிரப்ப முன்னால் வெற்றிடம் போடும் வட்டுகள் உண்டு, நீக்காவிட்டால் ஒரே வட்டு இரண்டு வட்டாகப் பதிவாகும். எங்குமே கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். பெயரையும் கணினி எண்ணையும் ஒட்டி ஒரு பொய் எண்ணை உண்டாக்கி நிரப்பாதீர்கள். காலியாக உள்ள கட்டத்தைப் பார்த்தால் யாராவது பெட்டியைத் திறந்து லேபிளைப் பார்ப்பார்கள். நிரப்பிய கட்டத்தை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

மூன்றாவது, நான்கில் ஒன்று மட்டும் தெரியும் சர்வர். அதில் வன்பொருள் ரெய்டு அட்டை இருக்க வேண்டும். அது நான்கு வட்டுகளையும் தன் பின்னால் மறைத்துக்கொண்டு, லினக்ஸுக்கு ஒரே பெரிய வட்டைக் காட்டுகிறது. எல்எஸ்பிஎல்கே-யை எத்தனை முறை கேட்டாலும் இதற்கு மேல் விடை வராது. ஸ்மார்ட்சிடிஎல்-ஐ ஸ்கேன் விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். மெகாரெய்டு வகை அட்டையாக இருந்தால், உள்ளே உள்ள ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு வரி வரும். அந்த வரியில் சாதனத்தின் பெயரும், மெகாரெய்டு என்பதை அடுத்து ஒரு எண்ணும் இருக்கும். அந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அட்டைக்குப் பின்னால் உள்ள வட்டு பேசும். எண் 0இலிருந்து வரிசையாக இருக்கும் என்று எண்ணி 0, 1, 2, 3 என்று சுற்று எழுதாதீர்கள்; 8, 9, 11, 12 என்றும் இருக்கும். ஸ்கேன் தரும் பட்டியலைப் படித்து அதன்படியே கேளுங்கள். வேறு வகை அட்டைகளுக்கு அந்தந்தத் தயாரிப்பாளரின் கருவியே வேண்டியிருக்கும். மென்பொருள் ரெய்டாக இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. வட்டுகள் தனித்தனியாகத் தெரியும், அவை எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் புரோக் அடைவில் எம்டிஸ்டாட் என்ற கோப்பு சொல்லும்.

உடல்நிலைதான் எல்லாவற்றிலும் கவனம் வேண்டிய பகுதி. ஸ்மார்ட்சிடிஎல் ஒரே சொல்லில் 'பாஸ்டு' என்று சொல்வதைப் பட்டியலில் எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களே அதிகம். அந்தச் சொல், வட்டு தன்னைப் பற்றித் தானே போட்டுக்கொண்ட வரம்பைத் தாண்டவில்லை என்பதைத்தான் குறிக்கிறது. கூகுள் பொறியாளர்கள் 2007இல் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், பழுதான வட்டுகளில் பாதிக்கும் மேலானவை, ஸ்மார்ட் எனப்படும், வட்டு தன் உடல்நிலையைத் தானே பதியும் ஏற்பாட்டின் வலுவான நான்கு குறிகளில் ஒன்றில்கூட முன்னறிகுறி காட்டவில்லை என்று கண்டார்கள். ஆகவே குறி காட்டினால் நம்புங்கள். காட்டவில்லை என்பதற்காகப் பேக்கப் எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சுழலும் வட்டுகளின் ஸ்மார்ட் குறிகளில் எண் 5 என்பது மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள், 187 திருத்த முடியாமல் அறிவிக்கப்பட்ட பிழைகள், 197 படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள், 198 சோதனையின்போது திருத்த முடியாதவை. இவற்றின் மூல எண்ணிக்கை 0ஐத் தாண்டினால் அந்த வட்டை மாற்றும் பட்டியலில் வைப்பேன். படிப்புப் பிழை விகிதம் என்ற முதல் குறியில் சில தயாரிப்புகள் கோடிக்கணக்கில் எண் காட்டும். அது பல கணக்குகள் கலந்த எண், பயப்பட வேண்டியதில்லை. 199 என்பது வேறு கதை. அது வட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையில் தரவு போகும்போது ஏற்பட்ட பிழை. பெரும்பாலும் கேபிள்தான் காரணம். பல்லடம் சாலையில் ஒரு நிட்டிங் யூனிட்டில் இந்த எண் ஏறுவதைப் பார்த்து இரண்டு வட்டுகளை மாற்றிவிட்டார்கள், புது வட்டிலும் அது ஏறியது. பெட்டியைத் திறந்தபோது உள்ளே பஞ்சு படர்ந்திருந்தது. சாட்டா கேபிளின் பிடி தளர்ந்து, விரலால் தொட்டாலே அசைந்தது. சிறிய கேபிள் ஒன்றை மாற்றியதும் ஏறுவது நின்றது. எண் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும், திரும்ப 0 ஆகாது. இதனால்தான் இன்றைய எண்ணை மட்டும் எழுதினால் போதாது என்கிறேன். தினமும் சேமித்து, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். வெப்பநிலையையும் அப்படியே சேமித்தால், நிட்டிங் பிரிவில் எந்த மின்விசிறி பஞ்சடைத்துப்போனது என்பதும் தானாகத் தெரியும்.

என்விஎம்இ வட்டுகளில் இந்த எண்கள் இல்லை. அங்கே தேய்ந்த சதவீதம், மீதி உள்ள உதிரி இடம், ஊடகப் பிழைகள், அபாய எச்சரிக்கை ஆகிய நான்கையும் எடுங்கள். தேய்ந்த சதவீதம் 100ஐத் தாண்டியும் போகும். தயாரிப்பாளர் கணித்த ஆயுள் முடிந்தது என்றுதான் அதற்குப் பொருள், வட்டு நின்றுவிட்டது என்று பொருள் இல்லை. எழுதப்பட்ட தரவு அலகுகளில் ஓர் அலகு என்பது 512000 பைட். என்விஎம்இ-க்கான தனிக் கருவியின் ஜேசன் வெளியீட்டில் வெப்பநிலை கெல்வினில் வரும். 310 என்று பார்த்துத் திடுக்கிட வேண்டாம், அது 37 டிகிரி செல்சியஸ்.

ஸ்மார்ட்சிடிஎல்-இன் 2018 டிசம்பரில் வந்த 7.0 பதிப்பிலிருந்து ஜேசன் வெளியீடு உண்டு, அதையே பயன்படுத்துங்கள். அது ஓடி முடிந்ததும் திருப்பித் தரும் முடிவு எண் மற்றக் கட்டளைகளைப் போன்றது அல்ல என்பதை மட்டும் மறக்காதீர்கள். வழக்கமாக 0 என்றால் வெற்றி, வேறு எதுவானாலும் தோல்வி. இங்கே எட்டு பிட்டுகளும் எட்டுச் செய்திகள். 1 வந்தால் கட்டளையை எழுதியதில் தவறு. 2 வந்தால் வட்டைத் திறக்க முடியவில்லை. 8 வந்தால் வட்டு பழுதாகிறது என்று தானே சொல்கிறது. 64 வந்தால் எப்போதோ நடந்த பிழைகள் அதன் பதிவில் இருக்கின்றன. 72 என்றால் 8உம் 64உம் சேர்ந்தது. பிழை வந்ததும் நிற்கும்படி செட் ஈ என்று பாஷ் ஸ்கிரிப்ட்டின் தலையில் எழுதியிருந்தால், பழுதான முதல் வட்டைக் கண்டதும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். எந்தக் கணினியைப் பற்றித் தெரிய வேண்டுமோ அந்தக் கணினியிலிருந்து மட்டும் அறிக்கை வராது. ஒவ்வொரு பிட்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பதியுங்கள்.

இதைவிடக் கடினமானது, விடையே சொல்லாத வட்டு. சாகும் நிலையில் உள்ள வட்டிடம் கேட்டால், கெர்னல் ஒவ்வொரு கட்டளைக்கும் இயல்பாக 30 நொடி காத்திருந்து, திரும்பத் திரும்ப முயலும். குறித்த நேரம் கடந்ததும் நிறுத்திவிடும் டைம்அவுட் கட்டளைக்குள் வைத்து ஓட்டுங்கள். பல நேரம் அது காப்பாற்றும். ஆனால் கெர்னலுக்குள் விடைக்காகக் காத்து நிற்கும் செயலியை (ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை) 9ஆம் எண் கில் சமிக்ஞைகூட உடனே கொல்லாது, அதற்காக டைம்அவுட்டும் சேர்ந்து காத்திருக்கும். ஆகவே ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு செயலியைப் பின்னணியில் விட்டு, குறித்த நேரத்துக்குள் அதன் விடைக் கோப்பு வந்ததா என்று பார்த்து, வராவிட்டால் 'விடை வரவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வட்டுக்குப் போங்கள். அந்த ஒரு வரிதான் உங்கள் பட்டியலிலேயே மிக அவசரமான வரி. ஓய்வில் உறங்கும் பேக்கப் வட்டுகளை எழுப்பாமல் இருக்க, ஸ்டாண்ட்பை நிலையில் இருந்தால் விட்டுவிடு என்ற விருப்பத்தையும் சேருங்கள். அப்போதும் முடிவு எண் 2 வரும் என்பதால், உறக்கத்தையும் பழுதையும் செய்தியைப் படித்துப் பிரித்தறியுங்கள்.

இவ்வளவையும் பாஷில் எழுதலாம். நான் எழுத மாட்டேன். பைத்தானின் அடிப்படை நூலகத்திலேயே ஜேசனும் துணைச் செயலிகளை நேர வரம்போடு ஓட்டும் வசதியும் இருக்கின்றன. 70 கணினிகளிலும் கூடுதலாக நிறுவ வேண்டியது ஸ்மார்ட்சிடிஎல் அடங்கிய ஸ்மார்ட்மோன்டூல்ஸ் தொகுப்பு ஒன்றுதான்.

கணினிகளை அடையாளம் காண்பதிலும் வட்டுக்குச் சொன்ன அதே எச்சரிக்கை பொருந்தும். ஒரு கணினியை முழுதாக அமைத்து, அதன் நகலை மற்றவற்றில் இறக்கியிருந்தால், ஈடிசி அடைவில் உள்ள மெஷின் ஐடி எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கும். அசெம்பிள் செய்த கணினிகளில் மதர்போர்டு தரும் வரிசை எண்ணைக் கேட்டால், 'டு பி ஃபில்டு பை ஓஈஎம்' என்று தயாரிப்பாளர் நிரப்பாமல் விட்ட வாசகமே வரும். நீங்களே ஒவ்வொரு கணினிக்கும் ஒரு சொத்து எண் கொடுத்து, அதை ஒரு சிறு கோப்பில் எழுதி, பெட்டியின் மேலும் ஒட்டிவிடுங்கள். அறிக்கையைத் தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்தபின் பெயர் மாற்றுங்கள். எழுதும்போது மின்சாரம் போனால் அரைகுறைக் கோப்பு அனுப்பப்படாது. 70 கணினிகளும் ஒரே நொடியில் மையச் சர்வரைத் தட்டாமல் இருக்க, குறித்த நேரத்தில் ஸ்கிரிப்ட்டை ஓட்டும் சிஸ்டம்டி டைமரில் சீரற்ற தாமதம் கொடுக்கலாம். அறிக்கை வராத கணினியைப் பட்டியலிலிருந்து நீக்காமல், கடைசியாக எந்தத் தேதியில் பேசியது என்று காட்டுங்கள். ரூட்டாக ஓட்டவிடும் சூடோ அனுமதியை ரூட்டுக்குச் சொந்தமான இந்த ஒரு ஸ்கிரிப்ட்டுக்கு மட்டும் கொடுங்கள். ஸ்மார்ட்சிடிஎல் முழுவதற்கும் கொடுத்தால் வட்டின் அமைப்புகளை மாற்றும் அதிகாரமும் சேர்ந்தே போய்விடும்.

ஸ்கிரிப்ட் ஓடியதும் உடனே தணிக்கைக்கு அனுப்பிவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மெஷின்கள் ஓடாத நேரத்தில் ஐந்து கணினிகளைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு பழைய சாட்டா வட்டு, ஓர் என்விஎம்இ, ஒரு யூஎஸ்பி பெட்டி, அந்த ரெய்டு சர்வர், வரிசை எண் காலியாக வந்த ஏதாவது ஒன்று. பெட்டியைத் திறந்து, கைபேசி வெளிச்சத்தில் லேபிளில் அச்சிட்ட எண்ணை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து சரிபார்க்கட்டும். பூஜ்யத்துக்கும் ஓ எழுத்துக்கும் வித்தியாசம் பார்த்துக்கொள்ளுங்கள். ரெய்டு சர்வரில் ஸ்கேன் என்ன வரிகளைத் தருகிறது என்பதை எழுதி அனுப்பினால், அந்த அட்டைக்கு எந்த வகைக் குறிப்பு வேண்டும் என்று சொல்கிறேன்.